அம்மாச்சியின் காதைத் திருத்தியவர்கள்

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா டவுனிலிருந்து படத்தைக் கொண்டுவந்தார். பழைய தினத்தாளில் சுற்றியிருந்தது. பிரித்ததும் வீட்டிலிருந்த பெண்கள் எல்லாரும் அழத் தொடங்குவார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றாள்.

கேள்வி நியாயமானது. படத்தில் இருந்தவருக்கு ரோஸ் பவுடர் நிறம். பின்னால் நீல வானம், இரண்டு மேகம். கன்னத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. காது சின்னதாக, வட்டமாக, அதில் ஒரு தங்கத் தோடு. எங்கள் அம்மாச்சி கறுப்பு. கான்சாபுரத்து வயலில் அறுபது வருஷம் நாற்று நட்ட கறுப்பு. அவள் காது தோள்பட்டையைத் தொடும். பாம்படம் போட்டு வடித்த காது. அந்தப் பாம்படத்தை விற்றுத்தான் அம்மாவை டீச்சர் ட்ரெய்னிங் படிக்க அனுப்பினாள். அதன் பிறகு கடைசிவரை அந்தக் காதில் ஒன்றும் போடவில்லை. ஊரில் சிலபேர் மூளிக்காது என்று சொன்னார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போன இடத்தில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், வெறுமையாகத் தொங்கும் அந்த இரண்டு காதுகள்தான் முதலில் கண்ணில் படும். அம்மாவின் படிப்புக்கு அதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் எங்கள் வீட்டில் கிடையாது.

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த அண்ணாச்சி நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார்.

"காது கிழிஞ்சு தொங்குச்சு தம்பி. பாவமா இருந்துச்சு. அதான் சரி பண்ணி ஒரு தோடு போட்டு விட்டேன். அதுக்குத் தனியாக் காசுகூட வாங்கல."

"சரிண்ணாச்சி. ஸ்கேன் பண்ண ஒரிஜினல் ஃபைல் குடுங்க, போதும்."

"அதுலயேதான் தம்பி வேலை பாத்தேன். மெர்ஜ் பண்ணி அதே பேர்ல சேவ் பண்ணிட்டேன்."

"பேப்பர் ஃபோட்டோ?"

"அது கண்ணாடியோட ஒட்டிக்கிருந்துச்சு. எடுக்கையில முகத்துலயே கிழிஞ்சிருச்சு. ஸ்கேன்தான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

இந்தக் கட்டுரை அந்த அண்ணாச்சிக்கு எதிரானது அல்ல. 'மெர்ஜ் பண்ணி அதே பேர்ல' என்ற பழக்கத்துக்கு எதிரானது. அந்தப் பழக்கத்தை ஒரு தவறாகக்கூட நினைக்காத நம் எல்லாருக்கும் எதிரானது. அதில் நானும் உண்டு.

*

நானும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ராஜபாளையத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தேன். கரிஷ்மா ஆல்பம், ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வேலையில் ஒரு வேடிக்கை இருக்கிறது; அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆல்பத்துக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த டெம்ப்ளேட் எல்லாம் பி.எஸ்.டி. ஃபைல்கள். ரோஜாப்பூ ஒரு லேயர், அதன் நிழல் ஒரு லேயர், மயில் தோகை ஒரு லேயர், தங்க பார்டர் ஒரு லேயர். ஒரு இதழைக்கூட நிரந்தரமாக அழிக்க மாட்டோம். அடுத்த கல்யாணத்துக்கு வேண்டுமே! பெண்ணின் முகத்தை மட்டும் நேராக அதன் மேலேயே தேய்ப்போம். பரு, மச்சம், அம்மைத் தழும்பு எல்லாம் போகும். நிறம் இரண்டு படி ஏறும். பிறகு கண்ட்ரோல் ஈ. முடிந்தது. ரோஜாப்பூவுக்குக் கொடுத்த மரியாதையை நாங்கள் மனுஷ முகத்துக்குக் கொடுத்ததில்லை. ஏனென்றால் ரோஜாப்பூவைத் திரும்ப விற்க முடியும்.

தெரியாதவர்களுக்காக லேயர் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்கிறேன். படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, திருத்தத்தை அந்தத் தாளில் மட்டும் செய்வது. அடியில் படம் அப்படியே இருக்கும். வேண்டாமென்றால் தாளை எடுத்துவிடலாம். பாதி வேண்டுமென்றால் அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைக்கலாம். ஒரு இடத்தில் மட்டும் வேண்டுமென்றால் மாஸ்க் போடலாம். மாஸ்க்கில் வெள்ளை பூசிய இடத்தில் திருத்தம் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் மறையும். மறையும் என்றுதான் சொல்கிறேன், அழியாது. வெளிச்சம், நிறம் போன்றவற்றை மாற்ற அட்ஜஸ்ட்மென்ட் லேயர் இருக்கிறது. அதில் படமே கிடையாது. 'கீழே உள்ளதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டு' என்ற உத்தரவு மட்டும்தான் இருக்கும். கீறலை அழிக்க வேண்டுமா? காலியான புது லேயர் ஒன்றைத் திறந்து, கீழுள்ள லேயர்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்படி ஹீலிங் பிரஷ்ஷை அமைத்து, அந்தக் காலி லேயரில் வேலை செய்யலாம். கீறல் அடியில் இருக்கும், மேலே தெரியாது. ஃபில்டர் போட வேண்டுமென்றால் முதலில் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டுப் போட்டால் அதையும் பிறகு திறந்து மாற்றலாம்.

இது ஏதோ போன வருஷம் வந்த சங்கதி அல்ல. 1990இல் வெளியான முதல் போட்டோஷாப்பில் லேயர் கிடையாது. கடைசியாகச் செய்த ஒன்றைத்தான் திரும்பப் பெற முடியும். 1994இல் 3.0 பதிப்பில் லேயர் வந்தது. 1996இல் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். 2007இல் ஸ்மார்ட் ஃபில்டர். அதாவது அழிக்காமல் திருத்தும் வழி வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம்மூர் ஸ்டுடியோக்களில் இருட்டறை போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதே அந்த வழியும் அதற்குள்ளேயே இருந்தது. இருந்தும் நாம் 1990இலேயே நிற்கிறோம்.

*

இந்த இடத்தில் ஒரு கூட்டம் எழுந்து, "அதனால்தான் நாங்கள் எடிட்டிங்கே கூடாது என்கிறோம், எடுத்தது எடுத்தபடி இருக்க வேண்டும்" என்று சொல்லும். இவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எடுத்தது எடுத்தபடி என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவை ஒரு சாய்வு மேசையில் வைத்து, கூர் தீட்டிய பென்சிலால் முகச் சுருக்கத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கருமை கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும். வெள்ளைத்தோல் மோகம் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. கோடாக் நிறுவனம் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று அர்த்தம். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் போன்கூட, நீங்கள் பட்டனைத் தொட்ட நொடியில் கூர்மையையும் நிறத்தையும் ஏற்றித்தான் ஜேபெக்காகத் தருகிறது. ஆகவே திருத்தலாமா கூடாதா என்பது கேள்வியே அல்ல. திருத்தியதைத் திரும்பப் பெற முடியுமா என்பதுதான் கேள்வி.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம் என்றுதான் இந்த இதழில் எழுதுகிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஊர் ஊராக அலைந்து சேர்த்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். அவர் திருத்தாமல் விட்டாரா? இல்லை. எது பொருத்தம் என்று தீர்மானித்து ஒன்றை மூலத்தில் வைத்தார். அவருடைய பதிப்புகளில் பக்கத்தின் அடியைப் பாருங்கள். விலக்கிய பாடங்களைப் பிரதிபேதம் என்று குறித்து வைத்திருப்பார். தன் தீர்ப்பு தப்பாக இருந்தால் நாளைக்கு வருகிறவன் திரும்பிப் போக வழி வேண்டும் என்று நினைத்த மனுஷனின் வேலை அது. பிரதிபேதம் என்பது லேயர்தான். அதே ஐயர் தனக்குப் பிடித்த பாடத்தை மட்டும் அச்சடித்துவிட்டு ஏடுகளை ஆற்றில் விட்டிருந்தால் அவரை நாம் என்ன சொல்லியிருப்போம்? பதிப்புக்குப் பாடபேதம் இல்லையென்றால் பத்துப் பக்கம் கண்டனம் எழுதும் நம் இலக்கிய நண்பர்கள், மறைந்த எழுத்தாளரின் மங்கிய படத்தை ஏ.ஐ. செயலியில் போட்டுப் பளபளப்பாக்கி, அதையே நினைவுநாள் தோறும் பகிர்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் கண் அவருடையதல்ல. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு இயந்திரம், இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம் என்று ஊகித்த கண். ஊகம் செய்யட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குத் தனி லேயர் போட்டு, 'ஊகம்' என்று பெயர் எழுதி வையுங்கள்.

கல்லிலும் சுவரிலும்கூட இந்த இரண்டு வழிகளும் நம் ஊரில் இருந்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே இருப்பது சுமார் 400 வருஷம், கீழே இருப்பது 1000 வருஷம். எதை வைத்துக்கொள்வது? மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்திருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பிற்பாடு இந்தியத் தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்களில் 16ஐச் சுவரின் பூச்சோடு சேர்த்துப் பிரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டித் தனியாகக் காட்சிக்கு வைத்தது. இரண்டும் பிழைத்தன. இதற்கு எதிர்ப்பக்கம் மணல் வீச்சு. குடமுழுக்குக்குக் கோயிலைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அழுத்தத்தோடு மணலைப் பீய்ச்சியதில் எத்தனையோ கோயில்களில் கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பும் சிற்பங்களின் மூக்கும் விரலும் தேய்ந்துபோயின. பலத்த எதிர்ப்புக்குப் பிறகே அறநிலையத் துறை அதைத் தடை செய்தது. செய்தவர்கள் கோயிலை வெறுத்தவர்கள் அல்ல. பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள். எங்கள் அண்ணாச்சியைப் போல.

*

சரி, ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் பதில்களை எடுத்துக்கொள்வோம். நானே ஒரு காலத்தில் சொன்னவை என்பதால் எனக்கு மனப்பாடம்.

முதல் பதில்: "கஸ்டமர் கேக்குறாங்க தம்பி. கொஞ்சம் கலர் ஏத்தலைன்னா சண்டைக்கு வர்றாங்க." உண்மை. மாமாவே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் லேயர் என்பது கஸ்டமர் கேட்டதை மறுப்பதற்கான கருவி அல்லவே. அவர் கேட்ட நிறத்தை மேல் லேயரில் கொடுங்கள். அவருடைய பேத்தி இருபது வருஷம் கழித்து வந்து, "எங்க ஆச்சி நெசமா என்ன நிறம்?" என்று கேட்டால், அந்த லேயரின் கண் அடையாளத்தை ஒரு தட்டுத் தட்டிக் காட்டலாம். மாமா கேட்டது மாமாவுக்கு. பேத்திக்கு உரியதை எடுத்து மாமாவுக்குக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

இரண்டாவது பதில்: "ஃபைல் சைஸ் ஏறும், சிஸ்டம் தாங்காது." கணக்குப் போடுவோம். 6×4 அங்குலப் பழைய படத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் 3600×2400 பிக்சல். எட்டு பிட் வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்.பி. அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வெறும் உத்தரவு என்பதால் அதன் எடை அற்பம். மாஸ்க் கொஞ்சம் சேர்க்கும். கீறல் சரிசெய்த லேயரில் நாம் தொட்ட இடங்கள் மட்டும்தான் இருக்கும். எல்லாம் சேர்த்தாலும் நீங்கள் வாட்ஸப்பில் மறக்காமல் சேர்த்து வைத்திருக்கும் சினிமாப் பாட்டு வீடியோக்களை விடக் குறைவு. அதே நேரம், ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கத்தைக் கழித்துக்கொண்டே இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று முகத்தைச் செலவழிக்கிறீர்கள்.

மூன்றாவது பதில்: "சாஃப்ட்வேர் விலை." ஜிம்ப் இலவசம். லேயரும் மாஸ்க்கும் அதில் ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர்களையும் அழிக்காமல் போட்டு, பிறகு திறந்து மாற்ற முடிகிறது. பிரவுசரிலேயே இயங்கும் போட்டோபியா பி.எஸ்.டி. ஃபைலைத் திறக்கும். கம்ப்யூட்டரே இல்லை என்றால் போனில் ஸ்னாப்சீட் இருக்கிறது. நீங்கள் செய்த திருத்தங்களை அடுக்காகக் காட்டி ஒவ்வொன்றையும் திரும்பத் திறக்க விடும். விலை ஒரு சாக்கு.

நான்காவது பதிலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: "இவ்வளவு மெனக்கெடும் அளவுக்கு இது யாரு? கான்சாபுரத்துக் கிழவிதானே." என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். யாரோ ஒரு குடும்பம், யாரோ ஒரு மணமக்கள். அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, இது வரலாறு என்று. நமக்கு நம் ஆச்சி காதை வடித்திருந்தாள் என்பதே வெட்கமாக இருக்கிறது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்டு வடித்த காதுகளோடு இருந்த கடைசித் தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுடைய காரியத்துக்கு மாட்டும் படங்களில் எத்தனை காதுகள் தைக்கப்பட்டிருக்கும்? அடுத்த தலைமுறை அந்தப் படங்களைப் பார்த்து, தன் பாட்டிகள் எல்லாரும் ரோஸ் நிறத்தில் நீல வானத்தின் கீழ் பிறந்தவர்கள் என்று நம்பும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. 2025 ஜூனில் பக்கத்து ஊரான கூமாப்பட்டி ரீல்ஸில் வைரலானது. என் போனுக்கு வந்து சேர்ந்த மறுபதிவுகளில் பச்சை ஏறி, தண்ணீர் நீலமாகி, எங்கள் மலையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வண்டி கட்டி வந்தவர்கள் பிளவக்கல் அணைக்குள் அனுமதி இல்லை என்றதும் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். அங்கே அடி லேயராக மலையும் அணையும் இருந்தன. போய்ப் பார்த்து 'இது வேற' என்று சொல்ல முடிந்தது. அம்மாச்சியைப் போய்ப் பார்க்க முடியாது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே இந்தக் கதை இருக்கிறது. கான் சாகிப்பின் பெயரால் அமைந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மருதநாயகம், முகம்மது யூசுப் கான், கான் சாகிப் என்று ஒருவர் மேல் ஒன்றாக ஏறிய பெயர்கள். 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். பெயர் தேய்ந்து கான்சா ஆகிவிட்டது. ஆனாலும் கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல ஊரில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேர் வாயில் அடி லேயர் இருக்கிறது. சேவ் பட்டனை அழுத்திய ஃபைலுக்கு வாய் கிடையாது.

*

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சித்தி மகளின் பழைய போனில் ஒரு படம் கிடைத்தது. சுவரில் மாட்டியிருந்த ஃபிரேமை அவள் எப்போதோ போனில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியது. நீளப் பக்கம் 1280 பிக்சல்தான். கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் ஒரு கோடாக விழுந்திருக்கிறது, இடது காதின் மேல் பகுதியை மறைத்துக்கொண்டு. வலது காது முழுசாக இருக்கிறது. போதும்.

அதை அடியில் வைத்துப் பூட்டினேன். அதன் மேல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு லேயர், ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர்: 'சாய்வு சரிசெய்தது', 'டியூப்லைட் கோடு மறைப்பு', 'வெளிச்சம்', 'இடது காது மேல்பகுதி — வலது காதைப் பார்த்து வரைந்தது, நிச்சயமில்லை'. கடைசி லேயரின் பெயர் கொஞ்சம் நீளம்தான். ஆனால் என் பிள்ளைக்கோ அவள் பிள்ளைக்கோ எது அம்மாச்சி, எது நான் என்று தெரிந்தாக வேண்டும்.

பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அம்மா பார்த்தாள். "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கே, அதத் தெளிவா ஆக்க முடியாதா?" என்றாள். முடியும்மா, ஆனா அது அம்மாச்சி கண்ணா இருக்காது என்றேன். "அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு ஆணி எடுக்கப் போனாள்.

இதைப் படிக்கிற உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய படத்தை ஸ்டுடியோவில் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு ஸ்கேன் எடுத்து, அந்த ஃபைலை யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே படமெடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பிரிண்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். "அண்ணாச்சி, லேயர் மெர்ஜ் பண்ணாம ஃபைல் குடுங்க" என்று கேளுங்கள். முதல் தடவை உங்களை விநோதமாகப் பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவரே எடுத்து வைத்திருப்பார்.